சங்கக் கணினியில் புதிய பயனர் கணக்கு

கூட்டுறவுச் சங்கங்களின் கணக்கு வழக்குகள் பேரேட்டிலிருந்து கணினிக்கு மாறிவருவதை அங்கத்தினர்கள் நன்கு அறிவார்கள். நாடெங்கும் 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினி மயமாக்கும் திட்டத்திற்கு 2022 ஜூன் 29 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது; 2,516 கோடி ரூபாய் அதற்கென மதிப்பிடப்பட்டது. நம் மாநிலத்துச் சங்கங்களும் அத்திட்டத்தில் இடம் பெற்றன. நெசவாளர் சங்கங்கள் பலவும் நூல் இருப்பையும் கூலிப் பட்டுவாடாவையும் கணினியிலேயே எழுதி வருகின்றன. இந்த மாற்றம் நல்லதா கெட்டதா என்ற வாதத்திற்குள் நாம் இப்போது புகவில்லை. ஆய்வுக்குச் செல்லும் இடங்களில் திரும்பத் திரும்ப நம் கண்ணில் படும் ஒரு சிறு விஷயத்தை மட்டும் இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம். சங்கத்திற்குப் புதிதாக ஒரு பணியாளர் வருகிறார். அவருக்குக் கணினியில் ஒரு கணக்குத் திறந்து கொடுக்கிறார்கள். அந்தக் கணக்குப் பிறக்கும்போதே அதற்கு என்னென்ன உரிமைகள், என்னென்ன பழக்கங்கள் வந்து சேர்கின்றன? அவற்றைத் தீர்மானித்தவர் யார்?

இங்கே ‘கணக்கு’ என்பது சேமிப்புக் கணக்கோ கடன் கணக்கோ அன்று. கணினியை உபயோகிக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயரும் ஒரு கடவுச்சொல்லும் கொடுத்து, அப்பெயரின்கீழ் அவர் எதைப் பார்க்கலாம், எதை எழுதலாம், எதை அழிக்கலாம் என்று வகுத்து வைக்கும் ஏற்பாட்டிற்கே பயனர் கணக்கு என்று பெயர். இது இரண்டு இடங்களில் உண்டு. கணினியைத் திறந்தவுடன் நாம் நுழையும் இயங்குதளத்தில் ஒன்று. அதற்குமேல் சங்கத்தின் வரவு செலவை எழுதும் மென்பொருளில் மற்றொன்று. இரண்டையும் ஒன்றென்று எண்ணிக்கொண்டு ஒன்றை மட்டும் கவனித்துவிட்டு மற்றதை மறந்துவிடுவதுண்டு.

புதிய கணக்கு ஒன்றைத் திறக்கும்போது நாம் எதுவும் குறிப்பிடாவிட்டால் கணினி தானாகவே எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டை ‘டீஃபால்ட்’ என்பார்கள். இதனை நாம் முன்னமைப்பு என்று அழைப்போம். கூட்டுறவுத் துறையிலிருப்போருக்கு டீஃபால்ட் என்ற சொல் காதில் விழுந்தாலே தவணை தவறியவர் பட்டியல்தான் நினைவுக்கு வரும். வேடிக்கை என்னவென்றால் இரண்டும் ஒரே சொல்தான். செய்ய வேண்டியவர் செய்யாமல் விட்டபோது என்ன நேர்கிறதோ அதுவே டீஃபால்ட். கடனைக் கட்ட வேண்டியவர் கட்டாவிட்டால் அவர் தவணை தவறியவர் ஆகிறார். அமைப்பை வகுக்க வேண்டிய நிர்வாகக் குழு வகுக்காவிட்டால், எங்கோ ஒரு தொழிற்சாலையிலோ மென்பொருள் நிறுவனத்திலோ வேறொருவர் வகுத்தது நம் சங்கத்தின் விதியாகிவிடுகிறது.

ஒரு டீஃபால்ட் மற்றொரு டீஃபால்ட்டை உண்டாக்கிய கதையை இங்கே சொல்வது பொருந்தும். பெயர் குறிப்பிட வேண்டாத ஒரு சங்கத்தில் பயிர்க்கடன் வசூல் விவரத்தை நாள்தோறும் கணக்குத்தாள் மென்பொருளில் தட்டெழுதி, மாதக் கடைசியில் தவணை தவறியோர் பட்டியல் எடுப்பது வழக்கம். பழைய பணியாளர் போய்ப் புதியவர் வந்தார். அவருக்கென்று விண்டோஸில் புதிய கணக்குத் திறக்கப்பட்டது. பழையவர் தம் கணக்கில் தேதி எழுதும் முறையை இந்திய முறைக்கு மாற்றி வைத்திருந்தார். ஆனால் விண்டோஸில் இந்த அமைப்பு ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனி. புதிய கணக்கு, கணினி வாங்கும்போது இருந்த அமெரிக்க முறையோடு பிறந்தது. அமெரிக்கர்கள் மாதத்தை முதலிலும் நாளை அடுத்தும் எழுதுவர். மார்ச் மாதம் 5-ஆம் தேதி பணம் கட்டிய ஒரு விவசாயியின் வரவைப் புதிய பணியாளர் 05/03 என்று சரியாகவே தட்டினார். கணினி அதை மே மாதம் 3-ஆம் தேதி என்று கொண்டது. கெடுவோ ஏப்ரல் 10. விவசாயியின் பெயர் தவணை தவறியோர் பட்டியலில் ஏறியது.

இதன் பொருளை அங்கத்தினர்களுக்கு விளக்கத் தேவையில்லை. நம் மாநிலத்தில் கூட்டுறவுப் பயிர்க்கடனுக்கு வட்டி 7 சதவீதம். கெடுவுக்குள் திருப்பிச் செலுத்தினால் அந்த வட்டியைக் கட்ட வேண்டியதில்லை. ஒரு லட்சம் ரூபாய் ஓராண்டு நின்ற கடனில் இது 7,000 ரூபாய் விஷயம். அடுத்த கடனுக்கான தகுதியும் இதில் அடங்கியிருக்கிறது. அந்த விவசாயி ரசீதைப் பத்திரமாக வைத்திருந்தபடியால் பிழை வெளிப்பட்டது.

இப்பிழையில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. பதின்மூன்றாவது மாதம் என்று ஒன்று கிடையாது. ஆகையால் 13-ஆம் தேதி முதல் மாதக் கடைசி வரை தட்டப்படும் தேதிகளை அமெரிக்க முறைக் கணக்கு தேதியாகவே ஏற்பதில்லை. வெறும் எழுத்தாக விட்டுவிடும். பார்வைக்கு அவை சரியாகவே தெரியும். மாதத்தின் முதல் 12 நாட்களில் தட்டியவை மட்டுமே சத்தமில்லாமல் நாளும் மாதமும் இடம் மாறிப் பதியும். அவற்றிலும் மார்ச் 3, ஏப்ரல் 4 போன்ற தேதிகளில் இடம் மாறினாலும் ஒன்றே. எல்லாமே தவறாக இருந்தால் முதல் நாளிலேயே எவராவது கண்டுபிடித்திருப்பார்கள். சில மட்டும் தவறாக இருப்பதுதான் ஆபத்து.

இதற்கு மாற்று எளிது. விண்டோஸின் கட்டுப்பாட்டுப் பலகத்தில் ‘ரீஜன்’ என்ற பகுதியில் முறையை இந்தியாவிற்கு மாற்றிய பின், அதே பகுதியின் ‘அட்மினிஸ்ட்ரேட்டிவ்’ பக்கத்தில் அமைப்பைப் படியெடுக்கும் பொத்தான் ஒன்று இருக்கிறது. அதை அழுத்தி, ‘புதிய பயனர் கணக்குகள்’ என்று பொருள்படும் கட்டத்தில் குறியிட்டுவிட்டால் இனிப் பிறக்கும் கணக்குகள் யாவும் இந்திய முறையோடு பிறக்கும். ஐந்து நிமிட வேலை. தேதியோடு தமிழ்த் தட்டச்சு முறையையும் இதிலேயே சேர்த்துவிடலாம். 1999-ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை விண்டோஸின் இன்றைய பதிப்புகளில் உண்டு. அது முன்னமைப்பில் இல்லாவிட்டால் அங்கத்தினர் பெயரைத் தமிழில் எழுதும் வேலை ஒவ்வொரு பணியாளரின் விருப்பத்திற்கு விடப்பட்டதாகும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே தெருவில் பேசப்படும் நம் ஓசூர்ப் பகுதியில், ஒருவரே பட்டாவில் முனியப்பன் என்றும் குடும்ப அட்டையில் முனியப்பா என்றும் இருப்பதைக் காண்கிறோம். ஆங்கில எழுத்தில் மூன்றாவதாக ஒரு வடிவத்தையும் நாமே உண்டாக்கிச் சேர்க்க வேண்டாம்.

இனி உரிமைகளைப் பற்றிப் பார்ப்போம். பாடத்தின் முக்கியமான பகுதி இதுவே.

புதிய பணியாளருக்குக் கணக்குத் திறக்கும்போது நம் சங்கங்களில் பெரும்பாலும் கேட்கும் வாக்கியம், “அவருக்கு இருப்பதைப் போலவே இவருக்கும் செய்து கொடுத்துவிடு” என்பதாகும். சௌகரியமான வழிதான். ஆனால் அந்த ‘அவர்’ யார்? பல இடங்களில் அவர் காரியதரிசியாகவோ, ஆறேழு ஆண்டுகள் இருந்து ஒவ்வொரு தேவைக்கும் ஒவ்வொரு உரிமையாகச் சேர்த்துக்கொண்ட மூத்த எழுத்தராகவோ இருக்கிறார். அவருடைய கணக்கைப் படியெடுத்தால் அந்த உரிமைகள் யாவும் நேற்று வந்தவருக்குச் சேர்ந்துவிடுகின்றன. நெசவாளர்களுக்கு இது புதிதன்று. முடியும் தறுவாயிலுள்ள பழைய பாவின் முனையோடு புதிய பாவை இழைக்கு இழை பிணைத்துக்கொண்டால் நேரம் மிச்சம். ஆனால் விழுதிலும் அச்சிலும் இழை கோத்த வரிசை பழையதுதான். பழைய கோப்பில் ஓர் இழை தவறியிருந்தால் புதிய துணியிலும் அந்தக் கோடு கடைசி கஜம் வரை தொடரும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் பட்டுப்புழு வளர்க்கும் அங்கத்தினர்கள் இதை இன்னும் விரைவில் உணர்வார்கள். பெப்ரைன் நோய் தாய் அந்துப்பூச்சியிலிருந்து முட்டை வழியே புழுவுக்கு வருகிறது. அதனால்தான் பிரான்ஸில் லூயி பாஸ்டர் 1860-களில் காட்டிய வழியில், தாய்ப்பூச்சியை நுண்ணோக்கியில் சோதித்து நோயற்ற முட்டைத் தொகுதிகளை மட்டுமே வளர்ப்புக்குக் கொடுக்கிறோம். முட்டையிலேயே வந்துவிட்ட நோயை மல்பெரி இலையின் தரத்தைக் கொண்டு தீர்க்க இயலாது.

அப்படியானால் எங்கிருந்து தொடங்குவது? 1975-ல் அமெரிக்காவில் சால்ட்சர், ஷ்ரோடர் என்ற இரு கணினி அறிஞர்கள் தகவல் பாதுகாப்பு பற்றி எழுதிய கட்டுரையில் இதற்கு ஒரு விதியை வகுத்தார்கள். எவருக்கும் முதலில் எந்த உரிமையும் இல்லை என்று தொடங்க வேண்டும். வேலைக்குத் தேவையானதை ஒவ்வொன்றாகக் கொடுக்க வேண்டும். அவர்கள் கூறிய காரணம் ஆழ்ந்து கவனிக்கத்தக்கது. உரிமை குறைவாகக் கொடுக்கப்பட்டிருந்தால் வேலை நின்றுபோகும். பணியாளர் உடனே வந்து முறையிடுவார். பிழை அன்றைக்கே தெரிந்துவிடும். உரிமை மிகுதியாகக் கொடுக்கப்பட்டிருந்தால் எவரும் முறையிடமாட்டார். வேலை நன்றாகவே நடக்கும். பிழை பல ஆண்டுகள் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும். ஆகவே தவறுவதானால் குறைவுப் பக்கமே தவறுவது நலம்.

இது நமக்கு அந்நியமான தத்துவமன்று. நகைக்கடன் பெட்டகத்திற்கு இரட்டைப் பூட்டுப் போட்டு, இரு சாவிகளை இருவரிடம் வைத்திருக்கிறோம். செலவுச்சீட்டை எழுதுபவர் ஒருவர், அனுமதிப்பவர் மற்றொருவர். இந்த ஒழுங்கு கணினிக்குள்ளும் வேண்டும். மென்பொருளில் புதிய கணக்கின் முன்னமைப்பு ‘பதிவு செய்யலாம், அனுமதிக்க இயலாது’ என்றே இருக்க வேண்டும். பதிந்ததை மாற்றுவதும் அழிப்பதும் முன்தேதியிட்டு எழுதுவதும் முன்னமைப்பில் கூடவே கூடாது. இயங்குதளத்திலும் அப்படியே. கணினியை முதன்முதலில் அமைக்கும்போது விண்டோஸ் உண்டாக்கும் கணக்கு நிர்வாகிக் கணக்கு. நம் சங்கங்கள் பலவற்றில் அன்றாட வேலை முழுவதும் அந்த ஒரே கணக்கில் நடப்பதைக் காண்கிறோம். அது பெட்டகத்தின் இரு சாவிகளையும் வாசற்கதவின் சாவியையும் ஒரே வளையத்தில் கோத்து மேஜைமேல் வைத்ததற்கு ஒப்பாகும். நிர்வாகிக் கணக்கைத் தனியே வைத்து, மென்பொருள் நிறுவுவது போன்ற காரியங்களுக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும். காரியதரிசி உட்பட அனைவரும் தினசரி வேலையைச் சாதாரணக் கணக்கில்தான் பார்க்க வேண்டும். இதில் கௌரவக் குறைவு ஏதுமில்லை.

லினக்ஸ் வைத்திருக்கும் சங்கங்களுக்குச் சில வார்த்தைகள். சென்னையில் சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியே பல அங்கத்தினர் வீடுகளுக்கும் வந்தது. லினக்ஸில் புதிய கணக்கு திறக்கப்படும்போது ‘ஸ்கெல்’ என்ற அடைவில் உள்ளவை அனைத்தும் அப்படியே புதியவரின் அடைவிற்குள் படியெடுக்கப்படும். அதுவே அதன் நாற்றங்கால். சங்கத்தின் படிவங்கள், மாதிரிக் கடிதங்கள் முதலியவற்றை அங்கே இட்டு வைத்தால் ஒவ்வொரு புதியவருக்கும் அவை தாமாகக் கிடைக்கும். ஆனால் அங்கத்தினர் பட்டியலை அங்கே வைத்துவிடக் கூடாது.

கோப்புகளை யார் பார்க்கலாம் என்பதற்கு லினக்ஸ் மூன்று இலக்கங்களைக் கொண்டு கணக்கிடும். முதல் இலக்கம் கோப்புக்கு உரியவருக்கு. இரண்டாவது அவர் சேர்ந்துள்ள குழுவுக்கு. மூன்றாவது மற்ற எல்லாருக்கும். படிக்க 4, எழுத 2, இயக்க 1; இவற்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும். 644 என்றால் உரியவர் படிக்கலாம், எழுதலாம். குழுவினரும் பிறரும் படிக்க மட்டும் செய்யலாம். புதிய கோப்பு பிறக்கும்போது எந்த உரிமைகளை நீக்க வேண்டும் என்று சொல்லும் எண்ணுக்கு ‘யூமாஸ்க்’ என்று பெயர். பல இடங்களில் இது 022 என்றே இருக்கும். அதாவது குழுவினரிடமும் பிறரிடமும் எழுதும் உரிமை மட்டும் நீங்குகிறது. படிக்கும் உரிமை எல்லாருக்கும் நிற்கிறது. பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் ஒருவர் எழுதியதை ஒருவர் படிப்பதற்கு இது உதவும். அங்கத்தினர்களின் ஆதார் எண்ணும் கைபேசி எண்ணும் கடன் நிலுவையும் அடங்கிய பட்டியலுக்கு இது உதவாது. யூமாஸ்க்கை 027 என்று வைத்தால் பிறருக்கு உள்ள 4, 2, 1 மூன்றும் நீங்கி, கோப்பு 640 என்று பிறக்கும். குழுவினர் படிக்கலாம், வெளியார் படிக்க இயலாது. 077 என்றால் 600. உரியவரைத் தவிர எவருக்கும் இல்லை. எழுத்தரும் காரியதரிசியும் ஒரே கோப்பைப் பார்க்க வேண்டிய சங்கத்திற்கு 027 பொருத்தமானது என்பது நம் கருத்து. உபுண்டு என்ற லினக்ஸ் வகையைத் தயாரிப்பவர்களும், ஒருவருடைய அடைவை மற்றெல்லாரும் பார்க்கலாம் என்றிருந்த தங்கள் நெடுநாளைய முன்னமைப்பை 2021 ஏப்ரலில் வெளியிட்ட பதிப்பிலிருந்து மாற்றிக்கொண்டார்கள்.

அடுத்தது கடவுச்சொல். 1979-ல் யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சனும் ராபர்ட் மோரிஸ் என்பவரும், பயனர்கள் தாமாகத் தேர்ந்தெடுத்த 3,289 கடவுச்சொற்களைச் சோதித்தார்கள். அவற்றுள் 2,831 எளிதில் ஊகிக்கத்தக்கவை, நூற்றுக்கு 86. மூன்றே எழுத்துக்களில் அமைந்தவை மட்டும் 464. மக்களைத் தம் இஷ்டத்திற்கு விட்டால் இப்படி. எல்லாருக்கும் ஒரே தொடக்கச் சொல்லைக் கொடுத்து, அதையும் மாற்றச் சொல்லாமல் விட்டால் இதனினும் மோசம். சங்கத்தின் பெயரோடு 123 சேர்த்து வைக்கும் வழக்கத்தை நாம் எத்தனை இடங்களில் கண்டோம் என்று எழுதினால், அந்தச் சங்கங்களின் கடவுச்சொற்களையே வெளியிட்டதாகும்!

கணக்குச் சரிபார்ப்பவர்கள் விரும்பிப் படிக்கத்தக்க ஒரு நிகழ்ச்சி இதையொட்டி உண்டு. 1986 ஆகஸ்டில் கலிபோர்னியாவிலுள்ள லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில், கணினியை உபயோகித்தவர்களிடமிருந்து வர வேண்டிய கட்டணக் கணக்கில் 75 சென்ட் இடித்தது. அங்கே புதிதாக வேலைக்கு வந்திருந்த கிளிஃபோர்டு ஸ்டோல் என்ற வானியல் அறிஞரிடம் அதைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். முக்கால் டாலர்தானே என்று அவர் விடவில்லை. தேடிப் பார்த்தபோது, கட்டணம் யாரைச் சாரும் என்ற விவரமே இல்லாத ஒரு புதிய பயனர் கணக்கு முளைத்திருந்தது. அதைப் பின்தொடர்ந்து மாதக்கணக்கில் விழித்திருந்ததில், மேற்கு ஜெர்மனியின் ஹானோவர் நகரிலிருந்து ஒருவன் நுழைந்து, அங்கிருந்து அமெரிக்க இராணுவக் கணினிகளைத் துழாவி, கிடைத்ததைச் சோவியத் உளவுத் துறைக்கு விற்று வந்தது வெளியாயிற்று. அவனும் கூட்டாளிகளும் 1990-ல் தண்டனை பெற்றார்கள். அவன் பல கணினிகளுக்குள் நுழைந்த வழி என்ன? தயாரிப்பாளர் வைத்து அனுப்பிய ‘சிஸ்டம்’, ‘ஃபீல்டு’ போன்ற கணக்குகளும் அவற்றின் கடவுச்சொற்களும் மாற்றப்படாமலேயே கிடந்தன. முப்பது ஆண்டுகள் கழித்து 2016-ல் ‘மிராய்’ என்ற தீய நிரல், அறுபதுக்குச் சற்று மேற்பட்ட தொழிற்சாலைக் கடவுச்சொற்களை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டு, உலகெங்கும் லட்சக்கணக்கான கண்காணிப்புக் கேமராக்களையும் இணையக் கருவிகளையும் கைப்பற்றியது. நகைப்பெட்டகத்தின்மேல் நாம் பொருத்தியிருக்கும் கேமராவின் கடவுச்சொல் என்ன என்று நிர்வாகக் குழுவினர் அடுத்த கூட்டத்தில் விசாரிப்பது நல்லது.

புதிய கணக்கிற்குக் கொடுக்கும் தொடக்கச் சொல் ஆளுக்கு ஆள் வேறாக இருக்க வேண்டும். முதல் நுழைவிலேயே அதை மாற்றியாக வேண்டும் என்ற நிபந்தனையை இயங்குதளத்திலேயே அமைத்துவிடலாம். விண்டோஸிலும் லினக்ஸிலும் அதற்கு வசதி இருக்கிறது. மாதந்தோறும் கடவுச்சொல்லை மாற்றச் சொல்லும் வழக்கத்தை நாம் ஆதரிக்கவில்லை. அடிக்கடி மாற்றச் சொன்னால் மனிதர்கள் அதை நாட்காட்டியின் ஓரத்தில் எழுதி வைப்பார்கள். அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனமும் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், வெளியானதாகச் சந்தேகம் எழுந்தாலொழியக் கால அளவு வைத்து மாற்றச் சொல்ல வேண்டாம் என்றே கூறியது. நீளமான சொல்லொன்றை வைத்து, பிறரிடம் கூறாமலிருப்பதே மேல்.

சொல்லை மாற்றும் கெடு வேண்டாம் என்றால் கணக்கிற்கே கெடு வேண்டாமா? அது கண்டிப்பாக வேண்டும். நம் வட்டாரத்தில் இது பெரிய தேவை. ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டைகள் அருகில். எல்லையைத் தாண்டினால் அத்திப்பள்ளி. நாற்பது கிலோமீட்டரில் பெங்களூரு. கணினி தெரிந்த இளைஞர் சங்கத்தில் ஆறு மாதம் இருந்து, தொழிற்சாலையில் கூடுதல் சம்பளம் கிடைத்ததும் போய்விடுகிறார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அவர் போன பிறகும் அவருடைய கணக்கு உயிரோடு இருக்கிறது. லினக்ஸின் ‘லாகின் டெஃப்ஸ்’ கோப்பில் கடவுச்சொல்லின் ஆயுள் வழக்கமாக 99,999 நாட்கள் என்று இருக்கும். ஆண்டாகக் கணக்கிட்டால் 273-க்கு மேல். கணக்குக் காலாவதியாகும் தேதியோ நாம் கொடுத்தாலொழியக் கிடையாது. ஆதலால் ஒப்பந்தப் பணியாளருக்குக் கணக்குத் திறக்கும்போதே ஒப்பந்தம் முடியும் தேதியைக் கணக்கின் முடிவுத் தேதியாகக் குறித்துவிட வேண்டும். ஒப்பந்தம் நீண்டால் தேதியை நீட்டுவது ஒரு நிமிட வேலை.

கணக்கு ஆளுக்கு ஒன்றாக, அவரவர் பெயரிலேயே இருக்க வேண்டும் என்பதை இத்துடன் சேர்த்துச் சொல்ல வேண்டும். ‘ஆபரேட்டர்’ என்ற பெயரில் ஒரே கணக்கைத் திறந்து நால்வர் உபயோகிக்கும் சங்கங்கள் உள்ளன. தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், 1983-இன் 81-ஆம் பிரிவின்கீழ் விசாரணை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இழப்பு உறுதிப்பட்டால் 87-ஆம் பிரிவின்கீழ் அதற்குக் காரணமானவரிடமிருந்து அத்தொகையை வசூலிக்கத் தண்டத் தீர்வை நடவடிக்கை தொடரும். பதிவேடு ‘ஆபரேட்டர்’ என்று மட்டும் சொல்கிறது. கையெழுத்தென்றால் அடையாளம் காணலாம். விசைப்பலகையில் தட்டிய எழுத்துக்கு ஏது கையெழுத்து? குற்றம் செய்தவர் தப்புவது ஒருபுறமிருக்க, குற்றமற்ற மூவர் ஆண்டுக்கணக்கில் சந்தேகத்தின் நிழலில் நிற்க வேண்டியதாகிறது. தனிக் கணக்கு என்பது பணியாளரை நம்பாததன் அடையாளம் என்று சிலர் வருந்துகிறார்கள். விசாரணையில் அமர்ந்து பார்த்தவர்களுக்கு அது நேர்மையான பணியாளரின் கவசம் என்பது விளங்கும்.

இவற்றையெல்லாம் கணினியைப் பழுதுபார்க்க வருபவரின் விருப்பத்திற்கு விடாமல் நிர்வாகக் குழு தீர்மானமாக எழுதி வைப்பது அவசியம். வாசகம் ஏறக்குறைய இவ்வாறு இருக்கலாம்: ‘சங்கக் கணினியில் திறக்கப்படும் ஒவ்வொரு புதிய பயனர் கணக்கும் தனி நபர் பெயரில், சாதாரண உரிமையுடன் மட்டும் திறக்கப்பட வேண்டும் என்றும், கூடுதல் உரிமை எதுவும் தலைவரின் எழுத்து மூலமான உத்தரவின்றி அளிக்கப்படலாகாது என்றும், தேதி முறை இந்திய முறையாகவும் தமிழ் விசைப்பலகை சேர்க்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும் என்றும், தொடக்கக் கடவுச்சொல் முதல் நுழைவிலேயே மாற்றப்பட வேண்டும் என்றும், பத்து நிமிடம் வேலையின்றி இருந்தால் திரை தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டும் என்றும், பணியாளர் விலகும் நாளன்று அவர் கணக்கு முடக்கப்பட்டு அதன் விவரம் கணக்குப் பதிவேட்டில் எழுதப்பட வேண்டும் என்றும் தீர்மானிக்கப்படுகிறது.’ கணக்கு முடக்கப்பட வேண்டும் என்று சொன்னோமேயன்றி அழிக்கப்பட வேண்டும் என்று சொல்லவில்லை. அழித்துவிட்டால் பழைய பதிவுகளை எழுதியவர் பெயர் மறைந்துபோகக் கூடும்.

முன்னமைப்பை மாற்றிய பிறகும் ஒரு வேலை மிஞ்சியிருக்கிறது. முன்னமைப்பு இனிப் பிறக்கும் கணக்குகளுக்கே பொருந்தும். ஏற்கனவே பிறந்தவற்றை அது தொடுவதில்லை. நாற்றங்காலைத் திருத்தினால் நட்டு முடித்த வயல் திருந்தாதல்லவா? ஆகையால் இருக்கும் கணக்குகளின் பட்டியலை ஒருமுறை முழுவதுமாக எடுத்து, வருகைப் பதிவேட்டுடன் பெயருக்குப் பெயர் ஒப்பிட வேண்டும். மூன்று பேர் வேலை செய்யும் சங்கத்தில் பதினொரு கணக்குகள் இருந்தால் எட்டுக்கு விளக்கம் கேட்க வேண்டும். பட்டியலைக் காரியதரிசியும் நிர்வாகக் குழு அங்கத்தினர் ஒருவரும் சேர்ந்து பார்ப்பது முறை. நகைப்பெட்டகத்தைத் திறந்து பொட்டலங்களை எண்ணும் அதே நாளில் இதையும் வைத்துக்கொண்டால் தனியே ஒரு நாள் ஒதுக்க வேண்டியதில்லை.